இரண்டு குழாய் வெஸ்பா: அலவத்துகொடயில் ஒரு பனிக்காலம்

கடந்த மார்கழியில் ஒரு நாள், காலை ஐந்தே முக்கால் மணிக்கு என் ஸ்கூட்டரை இருபத்திரண்டு தடவை உதைத்தேன். அது ஒரு தடவைகூட இருமவில்லை. முற்றத்தில் பனி இறங்கியிருந்தது. இருக்கையைக் கையால் வழித்தால் தண்ணீர் ஓடியது. மாத்தளையில் காலை ஏழரைக்கு ஒருவரை நேர்காணல் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் பஸ்ஸில்தான் போனேன்.

அன்று இரவு கிளிநொச்சியில் இருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மொதல்ல பிளக்க கழட்டிப் பாரு. நனஞ்சிருந்தா நீ மிதிச்ச மிதியெல்லாம் வீண்" என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெயில் ஊறிய திரி மாதிரி இருந்தது.

அலவத்துகொட, கண்டிக்கும் மாத்தளைக்கும் நடுவில் ஏ9 வீதியில் இருக்கும் சிறிய நகரம். ஏ9 என்றவுடன் நம்மில் பலருக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வீதி தொடங்குவது கண்டியில். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொட, மாத்தளை, தம்புள்ளை என்று ஏறி, வவுனியா தாண்டி, சுமார் 320 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு என் தாத்தா மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பிள்ளைகளோடு கிளிநொச்சிக்குப் போனது இந்த வீதியால்தான். மனைவிக்கு மாத்தளையில் ஆசிரியர் நியமனம் கிடைத்ததால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நான் அதே வீதியால் திரும்பி வந்து அலவத்துகொடயில் வாடகைக்கு இருக்கிறேன்.

இந்தக் கட்டுரை ஒரு பழைய வெஸ்பாவோடு மார்கழியிலிருந்து பங்குனி வரை நான் பட்ட பாட்டைப் பற்றியது. உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் சாலியோ, எம்.டி. 90யோ, சேத்தக்கோ ஒன்று துருப்பிடித்து நிற்கலாம். அப்படியென்றால் இதில் உங்களுக்கும் உதவக்கூடிய சில விடயங்கள் இருக்கின்றன.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த உடம்பு

2023இல் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பழைய இரும்பு வாங்கும் ஒரு இடத்தில் இதைக் கண்டேன். 1960களில் செய்த வெஸ்பா 150. நான்கு கியர், எட்டு அங்குலச் சில்லுகள், ஆறு வோல்ட் மின்சாரம். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. ஆனால் பதிவுப் புத்தகம் இருந்தது. பழைய வாகனம் தேடுகிறவர்களுக்கு அதுதான் முதல் செல்வம்.

அக்குறணையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். நாற்பது ஆண்டுகளாக இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களைத் திருத்தி வருபவர். இருக்கையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி நின்றார். "தம்பி, இது என்னத்துக்கு ரெண்டு பைப் இரிக்கிது?" என்று கேட்டார்.

பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், பால்மா டின் அளவில் ஒன்றைப் பிடித்து வைப்பதற்கான இரும்புப் பட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அங்கிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று காபரேற்றரை நோக்கி இறங்கியது. வழியில் கையால் செய்த பித்தளைத் திருப்பி. நானா தன் வாழ்நாளில் பார்த்திராத பாகம் அது. நான் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளிலும் அப்படி ஒன்று இருந்தது.

"நானா, இது மண்ணெண்ணெயில ஓடின வண்டி" என்றேன்.

பதிவுப் புத்தகத்தைப் புரட்டினோம். இரண்டாவது உரிமையாளரின் முகவரி சாவகச்சேரி. அந்த ஸ்கூட்டரும் ஏ9 வழியாகத்தான் தெற்கே வந்திருக்க வேண்டும். ஓடி வந்ததா, யுத்தம் முடிந்தபிறகு வன்னியிலிருந்து பழைய இரும்பு ஏற்றி வந்த லொறியொன்றில் வந்ததா என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

பனியில் ஏன் மக்கர் பண்ணுகிறது?

கண்டிப் பக்கம் ஐரோப்பா மாதிரிக் குளிர்காலம் கிடையாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் வடகீழ் பருவக்காற்று மழையைக் கொண்டு வரும். மழை விட்ட இரவுகளில் வெப்பநிலை 17, 18 பாகை வரை இறங்கும். விடிகாலையில் பனி மூடும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி.

இன்றைய மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் ஒயில் அடியில் தனியாக இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வெஸ்பாவில் அப்படியில்லை. பெற்றோலோடு கலந்த ஒயில்தான் பிஸ்டனுக்கு உராய்வுநீக்கி. என் வண்டிக்கு 50க்கு 1, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் டூ-ரி ஒயில். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோல் ஆவியாவது குறைவு, ஒயில் ஆவியாவதே இல்லை. ஆகவே ஒவ்வொரு உதைக்கும் ஈரக் கலவை உள்ளே போய் பிளக்கின் முனையில் படிகிறது. முனை நனைந்தால் பொறி பாயாது. பொறி இல்லையென்று இன்னும் உதைத்தால் இன்னும் நனைகிறது. அன்று காலை நான் செய்தது அதைத்தான்.

அப்பாவும் நானாவும் சொல்லித்தந்து, நானே தவறு செய்து கற்றுக்கொண்ட ஒழுங்கு இது:

இரவு வண்டியை நிறுத்தும்போது பெற்றோல் டப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை முற்றத்தில் சும்மா ஓடவிடுகிறேன். காபரேற்றரில் பெற்றோல் தேங்கி நின்றால் இரவில் அது எஞ்சினுக்குள் கசியும். பெற்றோல் பறந்துபோய் ஒயில் மட்டும் மிஞ்சும்.

காலையில் டப்பைத் திறந்து ஒரு நிமிடம் பொறுக்கிறேன். சோக்கை இழுத்து, அக்சிலேற்றரைத் தொடாமல் மூன்று, நான்கு உதை. ஸ்ராட் ஆனதும் அரை நிமிடத்தில் சோக்கைத் தள்ளிவிடவேண்டும். அதை மறந்து ஓடினால் அடுத்த சந்தியில் பிளக் கறுத்துவிடும்.

ஆறு உதையில் ஸ்ராட் ஆகாவிட்டால் நிறுத்திவிடுகிறேன். டப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, பிளக் இல்லாமலே பத்துத் தடவை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கைத் துடைத்து, அடுப்பில் கொஞ்சம் சூடுகாட்டி மறுபடி பூட்டினால் பெரும்பாலும் சரி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மேலதிக பிளக் இருக்கும்.

பிளக்கின் நிறம் எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். சொக்லேட் நிறம் என்றால் நலம். நனைந்த கறுப்பு என்றால் பெற்றோலோ ஒயிலோ கூடிவிட்டது. வெள்ளை என்றால் காற்று கூடி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெள்ளை கண்டால் ஓடவே கூடாது.

தாங்கியைப் பாதி காலியாக வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். பனி நாட்களில் காலியான பகுதியின் உட்சுவரில் ஈரம் வேர்த்து, பெற்றோலுக்கு அடியில் தண்ணீராகச் சேரும். பிறகு தாங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

துருவைப் பற்றி ஒரு சொல். சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு இரும்புக் குழாயில் செய்த சட்டகம் இருக்கும். தகரம் துருப்பிடித்தாலும் சட்டகம் தாங்கும். வெஸ்பாவுக்கு அந்தத் தகர உடம்புதான் சட்டகம். கால் வைக்கும் தட்டின் அடிப்பக்கம் துருப்பிடித்தால் வண்டியே வலுவிழந்துவிடும். மேலே புதுப் பெயின்ற் அடித்து விற்கும் வண்டிகளை வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து அடியைப் பார்க்கவேண்டும்.

அலவத்துகொடயிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில் பலகடுவ வளைவுகள் வருகின்றன. அங்கே இறக்கத்தில் கற்றுக்கொண்ட பாடம் இன்னொன்று. இறக்கத்தில் அக்சிலேற்றரை மூடிக்கொண்டு, எஞ்சின் பிடியில் வண்டியை விடுவதுதான் நம் பழக்கம். பெற்றோலோடு ஒயில் போகிற எஞ்சினில் அக்சிலேற்றர் மூடினால் ஒயிலும் நின்றுவிடும். சில்லு எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்க, பிஸ்டன் காய்ந்த சுவரில் உரசும். ஆகவே நீண்ட இறக்கத்தில் இடையிடையே கிளச்சைப் பிடித்து அக்சிலேற்றரை ஒரு முறுக்கு முறுக்கவேண்டும். பிரேக் இரண்டும் ட்ரம் பிரேக். ஈரம் புகுந்தால் முதல் பிடியில் பிடிக்காது. வளைவுக்கு முன்பே இரண்டு தடவை அழுத்திக் காயவைக்கவேண்டும்.

போர் முடிந்த தேசத்தில் பிறந்த வண்டி

வெஸ்பா எப்படிப் பிறந்தது என்பதை நம் வாசகர்கள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்வார்கள். இத்தாலியின் பொன்தெதேராவில் இருந்த பியாஜியோ தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் செய்தது. அதனாலேயே நேச நாட்டு விமானங்கள் அதைக் குண்டுவீசி அழித்தன. போர் முடிந்தபோது விமானம் வாங்க ஆளில்லை, வீதிகள் சிதைந்திருந்தன, சனங்களிடம் பணமும் இல்லை. என்ரிக்கோ பியாஜியோ தன் விமானப் பொறியியலாளர் கொராதீனோ தஸ்கானியோவிடம் எல்லோரும் ஓட்டக்கூடிய மலிவான வண்டியொன்றைக் கேட்டார். 1946 ஏப்ரலில் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. முதல் வண்டி 98 சி.சி.

தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. ஆகவே விமானம் செய்யத் தெரிந்த விதத்திலேயே ஸ்கூட்டரைச் செய்தார். தகரமே சட்டகம். விமானத்தின் இறங்கு சில்லு மாதிரி முன்சில்லுக்கு ஒரு பக்கம் மட்டும் பிடி, அதனால் ரயர் மாற்றுவது எளிது. எஞ்சின் மூடியிருப்பதால் உடையில் ஒயில் படாது. இதற்கு அடுத்த ஆண்டே, குண்டுவீச்சில் சிதைந்த இன்னொரு தொழிற்சாலையின் உரிமையாளரான இன்னொசெந்தி, மிலான் நகரில் லம்பிரெட்டாவைக் கொண்டுவந்தார்.

இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் அனுமதியோடு வெஸ்பா செய்தது. அந்த ஒப்பந்தம் முடிந்தபிறகு 1972இலிருந்து, மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரில் சேத்தக் என்று விற்றது. லம்பிரெட்டாவின் இயந்திரங்களை இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோனது. எங்களுக்கு இன்றும் பாகங்கள் கிடைப்பது இதனால்தான். கேபிள், பிளக், கிளச் தட்டு, ரப்பர் என்று என் இத்தாலி வண்டிக்குள் இருப்பதில் பாதி இந்தியச் சாமான்.

மண்ணெண்ணெய் எப்படி ஓட்டியது?

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று ஒரு நீண்ட பட்டியல் தடைசெய்யப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு அது கதையல்ல. ஆனால் அந்த எஞ்சின்கள் எப்படி ஓடின என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ராட் பண்ணமுடியாது, சூடான எஞ்சினை ஓட்டமுடியும். முழுத் தந்திரமும் இவ்வளவுதான். கொஞ்சம் பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பலர் சிறிய பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோல் வைத்து காபரேற்றருக்குள் பீச்சினார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் 'சூப்பி' என்று பெயர். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் என் வெஸ்பாவில் இருப்பது மாதிரி இரண்டாவது சின்னத் தாங்கி பொருத்தினார்கள். வீட்டுக்கு வரும்போது கடைசி இருநூறு மீற்றருக்கு மறுபடி பெற்றோலுக்குத் திருப்பினால், அடுத்த நாள் ஸ்ராட் பண்ணுவதற்குக் காபரேற்றரில் பெற்றோல் நிற்கும்.

இது நம் மெக்கானிக்குகளின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. பிரித்தானியாவில் 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை, தொழிற்சாலையிலிருந்தே இரண்டு தாங்கிகளோடு வந்தது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் உழுதார்கள். அங்கே பொறியியலாளர்கள் வரைபடம் போட்டுச் செய்ததை, இங்கே பட்டறையில் பித்தளைத் துண்டை அராவி செய்தார்கள்.

அதற்கு விலை இருந்தது. மண்ணெண்ணெய் அழுத்தத்தில் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். அதனால் எஞ்சின் தட்டும். அழுத்தத்தைக் குறைக்க அப்பா ஹெட்டின் அடியில் மேலதிக காஸ்கெட் வைத்தார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும். கரி படியும். வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும். ஒயிலும் கிடைக்காத காலம். ரிங் தேய்ந்தால் புது ரிங் கிடையாது. இன்னொரு செத்த வண்டியிலிருந்து எடுத்து அராவிப் பொருத்துவார்கள்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதராக இருந்தவர், மெக்கானிக் அல்ல. "படிச்சுக் கத்துக்கல. வண்டி நின்னா ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அதனால கத்துக்கிட்டேன்" என்பார். எங்கள் மோட்டார் சைக்கிள் 2009இல் முள்ளிவாய்க்காலில் நின்றது. அதற்குமேல் கொண்டுபோக வழியில்லை. யுத்தம் முடிந்தபின் அந்தப் பக்கம் மலைபோல் குவிந்து கிடந்த துருப்பிடித்த வாகனங்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குள் எங்களுடையதும் இருந்திருக்கும். அப்பா தேடிப்போகவில்லை.

2022இல் அயலவர் கேட்ட கேள்வி

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றது. யூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். என் அயலவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். "மல்லி, யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினீர்களாமே, எப்படி?" என்று சிங்களத்தில் கேட்டார். முச்சக்கர வண்டிக்காரர்கள் சிலர் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்துபார்த்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

நான் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "எத்தனை மாதம் அப்படி ஓட்டினீர்கள்?" என்றார். "மாதமில்லை, ஆண்டுகள்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்குள் யுத்தத்தைப் பற்றி நடந்த ஒரே உரையாடல் அது. அதுவும் ஒரு காபரேற்றரைப் பற்றித்தான்.

அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அந்த வழியும் மூடிக்கொண்டது. இன்று யாரும் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். எஞ்சினுக்கும் நெஞ்சுக்கும் கேடு. அந்த அறிவை எழுதி வைக்கவேண்டும், அந்த நிலைமை திரும்ப வரக்கூடாது.

ஸ்ரீ இலக்கமும் புத்தகமும்

பழைய வாகனப் பிரியர்கள் 'ஸ்ரீ' இலக்கத் தகடுள்ள வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பார்கள். என்னுடையதும் ஸ்ரீ இலக்கம்தான். அதைத் தேய்த்து மெருகேற்றும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. 1957இல் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது, தமிழரசுக் கட்சி தமிழ் ஸ்ரீ எழுதிப் போராடியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதம் கலவரம். கண்காட்சியில் 'அழகான பழைய இலக்கம்' என்று படமெடுக்கிற இளைஞனுக்கு இது தெரியாது. நான் தகட்டை மாற்றவில்லை. கேட்பவர்களுக்குக் கதையைச் சொல்கிறேன்.

தகட்டைவிட முக்கியம் பதிவுப் புத்தகம். இடப்பெயர்வில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்தவர்கள் வாகனப் புத்தகத்தையும் தொலைத்தார்கள். புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதிப் புத்தகம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் வண்டியின் செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்கவேண்டும். அரத்தால் தேய்த்தால் இலக்கம் அழிந்துவிடும். இலக்கம் அழிந்த வண்டிக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடையாது. 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எங்கோ போய்விட்டது. பழைய இரும்புக்காரருக்கு நிறுவைக் கணக்கில் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

பங்குனியில் வடக்கே

மாசி பிறந்ததும் காலைகள் மாறின. பனி விலகி எட்டு மணிக்கே வெயில் வந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேருக்கு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். 1983இல் எரிக்கப்பட்ட கோவில் அது. பலகடுவ ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரில் முனகினாலும் நிற்கவில்லை. மார்ச்சில் பின்னேர இடிமழை தொடங்கியது. காலையில் ஓடி, இரண்டு மணிக்கு முன் வீடு திரும்புவதுதான் புத்தி.

பங்குனி நடுவில் ஒரு நாள் அதிகாலை நாலரைக்கு கிளிநொச்சிக்குப் புறப்பட்டேன். முதல்நாள் நானா பிளக், பொயின்ற், கேபிள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். 2018 மார்ச்சில் அக்குறணையில் கடைகள் தாக்கப்பட்டபோது மூன்று நாள் கராஜைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தவர் அவர். "வாப்பாட்ட சலாம் சொல்லுங்க. அந்த ரெண்டாவது பைப்ப நான் கழட்டல்ல எண்டும் சொல்லுங்க" என்றார்.

ஏறக்குறைய 240 கிலோமீற்றர். ஐம்பது கிலோமீற்றருக்கு ஒரு தடவை நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டேன். தம்புள்ளை தாண்டினால் வேறு நாடு மாதிரி வெயில். குளிரில் ஈரம் எதிரி என்றால் இங்கே சூடு எதிரி. மதவாச்சியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், சொக்லேட் நிறம். ஓமந்தையில் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் கை தானாக அக்சிலேற்றரை மூடியது. யாரும் மறிக்கவில்லை. பின்னேரம் மூன்றரைக்கு வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

அப்பா வாசலில் நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பித்தளைத் திருப்பியைப் பார்த்தார். "நல்ல வேல. இது பட்டறையில கடஞ்சது" என்றார். ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், மறுத்தார். "எனக்கு வண்டின்னா இன்னும் ஓடுறதுதான் ஞாபகம் வருது. நீ ஆசைக்கு ஓட்டுற, ஓட்டு" என்றார். எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் ஆனையிறவு, பளை, முகமாலை வழியாகச் சாவகச்சேரிக்குப் போனேன். புத்தகத்தில் இருந்த முகவரியில் பாதிச் சுவரும் ஒரு கிணறும் இருந்தன. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த நகரம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பக்கத்து வளவிலிருந்து ஒரு அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது மாஸ்டரின்ரை ஸ்கூட்டர் எல்லோ?" என்றார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னமே கேட்டார். "தொண்ணூற்றைஞ்சிலை வலிகாமச் சனம் வந்திறங்கேக்கை, நடக்கேலாத ஆக்களை எல்லாம் இதிலை ஏத்தி ஏத்தி இறக்கினவர். புகை தாங்கேலாது. மாஸ்டர் போய்ச் சேர்ந்து கனகாலம். பிள்ளையள் வெளியிலை." பிறகு, "ஸ்ராட் பண்ணும், பாப்பம்" என்றார்.

ஒரே உதையில் ஸ்ராட் ஆனது. அவர் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "அந்த நேரம் இப்பிடிச் சத்தமில்லை தம்பி. தட்டும்" என்றார்.

பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் வண்டியின் படங்களை அனுப்பி, வேண்டுமென்று சொன்னால் திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அதுவரை ஓட்டுவேன். சின்னத் தாங்கி ஒன்றைத் தகரத்தில் செய்து அந்தப் பட்டியில் பொருத்தித் தர நானா ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எதுவும் ஊற்றமாட்டோம். இருக்கையைத் தூக்கிப் பார்க்கிறவர்கள், இது எதற்கு என்று கேட்கவேண்டும். அதற்காகத்தான்.